எந்த உடம்போடு எழுந்திருப்போம்? கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது கேட்கப்படும் கேள்விகள்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பல வருடமாக ஞாயிறு பள்ளியும் வாலிபர்களுக்கு வேதபாடமும் எடுத்து வருகிறேன். ஆயர் வெளியூர் போயிருக்கிற நாளில் சாவு விழுந்தால், அடக்க ஆராதனையில் வாசிக்கவும் ஜெபிக்கவும் என்னைக் கூப்பிடுவார்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வேனிலும் டீக்கடையிலும் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கோயிலுக்குள் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல. திருச்சபைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆத்துமா மோட்சத்துக்குப் போய்விட்டது என்கிறோம். அப்புறம் சரீரம் எதற்காக எழுந்திருக்க வேண்டும்?

நாம் அடக்க வீட்டில் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். "உடம்பு வெறும் கூடுதானே, பறவை பறந்துவிட்டது" என்று சொல்லாத வீடு உண்டா? அழகான பேச்சுதான். ஆனால் அது வேதத்திலிருந்து வந்ததல்ல, குறளிலிருந்து வந்தது. "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்பது 338-ஆவது குறள். குடம்பையைத் தனியே விட்டுப் பறவை பறந்துபோவது போன்றதுதான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவு என்கிறார் வள்ளுவர். நிலையாமையைச் சொல்ல இதைவிட நல்ல உவமை இல்லை. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் என்ன சொல்கிறோம்? "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்." ஆத்துமா தப்பித்துப் போகும் என்று அதில் இல்லை. கத்தோலிக்கரும் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்றுதான் சொல்கிறார்கள். மனுஷன் என்றால் சரீரமும் சேர்த்துத்தான். கடவுள் மண்ணைப் பிசைந்து செய்து, "மிகவும் நன்று" என்று பார்த்த பொருளை மரணம் பிடுங்கிக்கொண்டு போகிறது. பிடுங்கியதைத் திரும்ப வாங்குவதுதான் உயிர்த்தெழுதல். ஆத்துமா மட்டும் பிழைத்தால் மரணத்துக்குப் பாதி வெற்றி என்று ஆகிவிடும்.

நம் வட ஆர்க்காட்டுச் சபைகளுக்கு இது புதிய போதனை அல்ல. இங்கே 1853-இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷன், அமெரிக்க ரிபார்ம்டு சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையின் ஞானோபதேசங்களில் ஒன்று, ஜெர்மனியில் 1563-இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை. அதன் முதல் கேள்வியே இதுதான்: வாழ்விலும் சாவிலும் உனக்கு ஒரே ஆறுதல் எது? நான் சரீரத்தோடும் ஆத்துமாவோடும் எனக்குச் சொந்தமல்ல, என் இரட்சகருக்குச் சொந்தம் என்று பதில் ஆரம்பிக்கிறது. சரீரமும் அவருக்குச் சொந்தம் என்று நம்பிய மிஷனில் ஸ்கடர் குடும்பத்தார் பலர் பிரசங்கியாராகவும் டாக்டராகவும் இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். உடம்பு வெறும் கூடு என்றால் அவ்வளவு பாடு எதற்கு?

அப்படியானால் இது மறுபிறவியா?

இல்லை. மறுபிறவியில் உயிர் வேறு உடம்புக்குப் போகிறது. "உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்று அடுத்த குறளே சொல்கிறது. நாமும் மரணத்தை நித்திரை என்றுதான் சொல்கிறோம். 'செமிட்ரி' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் தூங்கும் இடம் என்றுதான் பொருள். இரண்டு பேருக்கும் உவமை ஒன்று, விழிப்பு மட்டும் வேறு. குறளில் விழிப்பது இன்னொரு பிறப்பு. நம் நம்பிக்கையில் தூங்கினவரே எழுந்திருக்கிறார், அதே பேரோடு, ஒரே ஒருதரம். "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்று எபிரெயர் 9:27 சொல்கிறது.

லாசரு எழுந்தாரே, அது இதுதானா?

இல்லை. லாசரு திரும்பவும் செத்திருப்பார். கல்லறையில் நாலு நாள் கிடந்த பிறகு இயேசு எழுப்ப, பழைய வாழ்க்கைக்கே வந்தார், அவ்வளவுதான். இயேசு எழுந்தது மறுபடி சாகாத வாழ்வுக்கு.

சீஷர்கள் பார்த்தது ஆவியாக இருக்கக் கூடாதா?

அவர்களுக்கே முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. லூக்கா 24-இல் கலங்கிப் போய் ஓர் ஆவியைக் காண்கிறதாக நினைக்கிறார்கள். அதற்கு இயேசு தத்துவம் பேசவில்லை. கையையும் காலையும் காட்டினார். ஆவிக்கு மாம்சமும் எலும்பும் இருக்காதே என்றார். அப்போதும் அவர்கள் முழிக்க, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீன் துண்டைக் கொடுத்தார்கள், அவர்கள் கண்முன்னே வாங்கிச் சாப்பிட்டார். யோவான் 21-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு அவரே பரிமாறுகிறார். நம் ஊரில் பேய் என்றால் கால் தரையில் படாது என்பார்கள். இவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அதே நேரத்தில், பழைய உடம்பு அப்படியே வந்ததென்றும் சொல்ல முடியாது. பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. எம்மாவுக்குப் போன இரண்டு பேர் வழியெல்லாம் கூடவே நடந்தும் அப்பம் பிட்கும்வரை அடையாளம் காணவில்லை. அவரேதான், ஆனால் மாறியிருக்கிறார். இந்த இரண்டில் எதை விட்டாலும் கதை கெட்டுவிடும்.

இதற்குச் சாட்சி என்ன?

சோதனைக் கூடத்தில் காட்டுகிற சாட்சி கிடையாது. இருப்பது ஆட்களின் சாட்சி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 50-களில் எழுதப்பட்டது. சிலுவை நடந்து சுமார் 25 வருடம்தான். அதில் ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்கள் ஒரே நேரத்தில் அவரைக் கண்டார்கள் என்றும், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பார் என்கிற தொனி அது. இன்னொன்றும் உண்டு. கல்லறை காலி என்று முதலில் சொன்னவர்கள் பெண்கள். பெண்ணின் சாட்சிக்கு அதிக மதிப்பில்லாத காலம் அது. கதை கட்டுகிறவன் அவர்களை முதலில் நிறுத்தியிருக்க மாட்டான். சீஷர்களே அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். என்னை நம்ப வைப்பது இந்த மாதிரிச் சங்கடமான விவரங்கள்தான். எல்லோருக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன்.

சரி, எந்த மாதிரி உடம்பு? செத்த வயதிலா, வாலிப வயதிலா?

வயதைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை. கேள்வி மட்டும் பழையது. "மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்?" என்று கொரிந்து பட்டணத்திலேயே கேட்டார்கள். பவுல் "புத்தியீனனே" என்று ஆரம்பித்துவிட்டு (வேதபாடத்தில் நான் அந்தத் தொனியில் பேசினால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள்) விதையைக் காட்டுகிறார். விதைப்பது வெறும் விதை, வருவது வேறு மேனி.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்துச் சொல்வேன். பருப்பை மண்ணில் போடுகிறீர்கள். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் போட்ட பருப்பு அங்கே அப்படியே இருக்காது. மேலே பச்சை இலை, அப்புறம் மஞ்சள் பூ. மல்லாட்டையைப் பார்த்தே இராத ஒருவனிடம் பருப்பை மட்டும் காட்டி, செடி எப்படி இருக்கும் சொல் என்றால் சொல்வானா? சொல்ல முடியாது. ஆனால் வந்த செடி அந்தப் பருப்பினுடையதுதான், பக்கத்துக் கொல்லையிலிருந்து பிடுங்கி நட்டதல்ல. தொடர்ச்சியும் உண்டு, மாற்றமும் உண்டு. "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்கிறார் பவுல். ஆவிக்குரிய சரீரம் என்றதும் புகை மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. தேவ ஆவியால் உயிர் வாழ்கிற சரீரம் என்பதுதான் பொருள்.

உடம்பை எரித்துவிட்டால்?

இதற்கான பதிலை ரத்தம் சிந்தி எழுதிவிட்டார்கள். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் இருக்கிற லியோன் நகரில், கிறிஸ்தவர்களைக் கொன்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதே நோக்கம். அந்தச் சபை அதற்காக நம்பிக்கையை விடவில்லை. கடலில் போனவர், தீயில் போனவர், புலி அடித்துப் போனவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாக்குத்தத்தம். சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்கிறது வெளிப்படுத்தல் 20.

வழக்கம் என்று பார்த்தால் நாம் அடக்கம் செய்கிறவர்கள். இயேசு அடக்கம் பண்ணப்பட்டார் என்பதால் வந்த பழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, கல்லறையிலோ ஆலயத்திலோ வைக்க வேண்டும் என்று 2016-இல் தெளிவாக்கியது. ஒருவரைத் தகனம் செய்த குடும்பத்தை ஒதுக்கிப் பேசுவதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது.

கண் தானம், உடல் தானம் செய்தால் அந்த உறுப்பு இல்லாமல் எழுந்திருப்போமா?

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இதைக் கேட்டார். மகன் கண்தானப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். "கண்ணைக் குடுத்துட்டா நாளைக்கு கர்த்தரை எப்படிப்பா பார்ப்பேன்?" என்றார். சிரிக்கக் கூடாத கேள்வி. யோபுவும் இதையேதான் ஆசைப்பட்டான்: "இந்த என் தோல்முதலானவை அழுகிப்போனபின்பு, நான் என் மாம்சத்திலிருந்து தேவனைப் பார்ப்பேன்." கவனியுங்கள், தோல் அழுகின பின்பு என்கிறான். மண்ணுக்குள் போன கண் ஒரு வருடம்கூடத் தாங்காது. மண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்பத் தருகிறவருக்கு, இன்னொரு மனுஷனுக்குக் கொடுத்ததைத் தருவது கஷ்டமா? பெரியம்மா கையெழுத்துப் போட்டார்.

1971-இலேயே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஊர் இது. உறுப்பு தானம் மேன்மையான செயல் என்று கத்தோலிக்க மறைக்கல்வியே சொல்கிறது. உடல் தானம் செய்கிறவர்களுக்கு என் பங்குக்கு ஒரே ஒரு யோசனை: வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடலில்லாமல் எப்படி ஆராதனை வைப்பது என்று சாவு வீட்டில் சண்டை வரக் கூடாது. ஞாபகார்த்த ஆராதனை வைத்துக்கொள்ளலாம்.

ஊனத்தோடு பிறந்தவர்கள், விரல் போனவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள்?

நம் ஊரில் இதைக் கேட்கும்போது கரிகிரி குஷ்டரோக ஆஸ்பத்திரி ஞாபகம் வராமல் இராது. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், குஷ்டரோகத்தில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் சூடும் காயமும் தெரியாமல் விரல்கள் அழிகின்றன என்று காட்டினார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி விரிய வைத்தார். மனுஷர் தொட அஞ்சிய கையை எடுத்துத் தன் மேஜையில் வைத்து வருடக்கணக்காகப் பார்த்தவர் அவர்.

பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும் என்பது வசனம். அதனால் வலியும் இயலாமையும் இராது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்று இடிக்கிறது. உயிர்த்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருந்தது. தோமா அதைப் பார்த்துத்தான் நம்பினார். அந்தத் தோமா நம் தமிழ்நாட்டு மண்ணில், பரங்கிமலையில், மரித்தார் என்பது பாரம்பரியம். தேவன் தழும்பை அழிக்க முடியாமல் விட்டிருக்க மாட்டார். வேண்டுமென்றே வைத்திருக்கிறார். ஆகவே ஒருவருடைய உடம்பில் எது குறை, எது அவருடைய அடையாளம் என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. காது கேளாத ஒரு வாலிபர், "அங்கேயும் நான் கையால்தான் பாடுவேன்" என்று சைகையில் சொன்னார். மறுக்க எனக்கு வசனம் கிடைக்கவில்லை.

ஒரே குழியில் அப்பாவையும் மகனையும் வைத்திருக்கிறோமே?

இட நெருக்கடி. வருடங்கள் கழித்துக் குழியைத் திறந்தால் எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்தவரை வைக்கிறார்கள். எலும்பு கலந்துபோகுமே என்று பயப்பட வேண்டாம். எசேக்கியேல் 37-இல் பள்ளத்தாக்கு நிறையக் கிடந்தது கலந்த எலும்புதான்.

எனக்கு மனம் பொறுக்காதது வேறு. ஒரே கர்த்தருக்குள் மரித்தவர்களுக்குச் சாதிப்படி தனித்தனிக் கல்லறை, நடுவில் சுவர், இன்னமும் சில ஊர்களில் இருக்கிறது. எக்காளம் தொனிக்கும்போது சுவரின் அந்தப் பக்கம் எழுந்திருக்கிறவரைப் பார்த்து இவர்கள் என்ன செய்வார்கள்? திரும்பப் படுத்துக்கொள்வார்களா?

செத்ததும் உடனே எங்கே போகிறோம்? கடைசி நாள்வரை?

இங்கேதான் திருச்சபைகள் பிரிகின்றன. சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனிடம் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். அதனால் மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார், சரீரத்துக்காகக் காத்திருக்கிறார் என்பது எங்களைப் போன்ற பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகளின் போதனை. கத்தோலிக்கர் இதோடு உத்தரிக்கும் ஸ்தலத்தையும் சேர்ப்பார்கள். சுத்திகரிக்கப்படும் ஆன்மாக்களுக்காக நவம்பர் 2 அன்று கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிப் பூசை வைப்பது அதனால்தான். அவர்களுடைய வேதாகமத்தில் உள்ள இரண்டாம் மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் மரித்தோருக்காக ஜெபித்த செய்தி இருக்கிறது. நம் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் உயிர்த்தெழும்வரை ஒன்றும் அறியாத தூக்கம்தான் என்பார்கள்.

எப்படியானாலும் பரதீசு நடுவழி நிறுத்தம் மாதிரி. ரயில் காட்பாடியில் நின்றதும் சென்னை வந்துவிட்டதென்று இறங்கிவிடுகிறோம். முடிவு புதிய வானமும் புதிய பூமியும், அதில் வாழச் சரீரமும்.

கிறிஸ்தவராகாத என் தாத்தா பாட்டி?

முதல் தலைமுறை விசுவாசிகள் நிறைந்த நம் பகுதியில் இதைக் கேட்காத குடும்பம் குறைவு. நல்லவர் கெட்டவர் எல்லோரும் எழுந்திருந்து நியாயத்தீர்ப்புக்கு வருவார்கள் என்று யோவான் 5 சொல்கிறது. கிறிஸ்துவை அறிக்கை செய்யாதவருக்கு இரட்சிப்பே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லும் சபைகள் உண்டு. தங்கள் குற்றமின்றி சுவிசேஷத்தை அறியாமல், மனசாட்சிப்படி கடவுளைத் தேடினவர்கள் இரட்சிப்படையலாம் என்று கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. நான் ஆபிரகாமின் கேள்வியோடு நின்றுகொள்கிறேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" சாவு வீட்டில் நின்று ஒருவரை நரகத்துக்கு அனுப்புகிற பிரசங்கத்தை நான் கேட்டிருக்கிறேன். அந்த அதிகாரம் பிரசங்கித்தவருக்கு யார் கொடுத்தது என்று இன்றுவரை புரியவில்லை.

மூன்று பேரைக் கட்டினவருக்கு அங்கே யார் மனைவி?

உயிர்த்தெழுதலே இல்லை என்ற சதுசேயர் ஏழு புருஷரை வைத்தே இயேசுவிடம் கேட்டுவிட்டார்கள். மாற்கு 12-ஐப் பாருங்கள். அங்கே கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் செய்யலாமா?

மரித்தவருக்குப் பசிக்கும் என்று படையல் வைப்பதானால் வேண்டாம். உறவுக்காரர்கள் கூடி ஜெபித்துச் சாப்பிடுவதானால் அதை எந்த நாளிலும் செய்யலாம். பதினாறு என்ற எண்ணுக்கு வேதத்தில் சிறப்பும் இல்லை, தடையும் இல்லை. கிறிஸ்தவரல்லாத சொந்தக்காரர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள் என்றால் அன்றைக்கே வையுங்கள்.

விசுவாசி அழலாமா? ஒப்பாரி வைக்கலாமா?

அழுங்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே இயேசு கண்ணீர் விட்டார். பவுல் சொன்னது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்றுதான், துக்கப்படவே வேண்டாம் என்றல்ல. மகனைப் பறிகொடுத்த தாய் மாரடித்து அழும்போது, "சாட்சி கெட்டுவிடும்" என்று வாயைப் பொத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மரணத்தைப் பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்கிறது வேதம். சத்துரு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கிப் போனால் சத்தம் போடாமல் இருக்க முடியுமா?

ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் இருப்பவர் பக்கத்தில் என்ன வாசிப்பது?

யோவான் 14-இன் முதல் வசனங்கள், சங்கீதம் 23, ரோமர் 8-இன் கடைசிப் பகுதி. மெதுவாக வாசியுங்கள். கத்தி ஜெபிக்காதீர்கள், பக்கத்துக் கட்டிலில் வங்காளத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். நினைவில்லாதவருக்கும் காது கேட்கலாம் என்று நர்சுகள் சொல்வார்கள். அதனால் சொத்துப் பேச்சை வராண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதடு காய்ந்திருந்தால் நர்சைக் கேட்டுவிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிவிடுங்கள். வசனத்தை அதற்கப்புறம் ஆரம்பிக்கலாம்.